என் முழங்காலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

1

கண்டியிலிருந்து யார் தொலைபேசியில் அழைத்தாலும் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. போன வாரம் வத்தேகமவிலிருந்து என் சித்தி மகள் புஷ்பம் பேசினாள். மழையைப் பற்றிச் சொன்னாள், தேங்காய் விலையைப் பற்றிச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன் அக்கா, ஒங்க காலுக்கு அங்க பெரிய காசு குடுத்தாங்களாமே? அதுல ஒரு வீடே வாங்கிட்டீங்கன்னு மஹய்யாவயில பேசிக்கிறாங்க."

"வீடெல்லாம் ஒண்ணும் வாங்கல புஷ்பம்."

"மறைக்காதீங்க அக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் முட்டி வலிதான். அங்க போயி ஒரு தடவ விழுந்துட்டு வாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

நட்டஈட்டுக் காகிதத்தில் கையெழுத்து வைத்து இன்றோடு ஒரு வருடமாகிறது. எவ்வளவு கிடைத்தது என்று நான் எழுதப் போவதில்லை. அது புஷ்பத்துக்கு ஏமாற்றமாக இருக்கும். எப்படிக் கிடைத்தது என்று மட்டும் எழுதுகிறேன். ஊரில் பேசிக்கொள்கிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா. வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். கலியாணம் முடித்து கண்டி நகரத்து மஹய்யாவவுக்கு வந்தேன். என் கணவர் சேவியர் மோட்டார் மெக்கானிக். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்தவர். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு விசா கொடுத்த காலத்தில் விண்ணப்பம் போட்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு வந்தார். மகள் ஷெரினுக்கு அப்போது நாலு வயது. விமானத்தில் வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டு வந்தவள்.

சேவியர் இறந்தது இங்கேதான். மாரடைப்பு. ஷெரின் மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறாள். நகரத்தின் மறு கோடியில் இருக்கிறாள். காரில் ஒரு மணி நேரம். நான் மேற்குப் பக்கத்தில், பழைய வீட்டில், தனியாக.

வேலை ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில். படுக்கை விரிப்புகள், துவாய்கள், கிழவர்களின் பிஜாமாக்கள். ஒரு யந்திரத்தின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவது தடவை எழுதுவதற்குள் அதில் வழுக்கி விழுந்தேன். ஈர விரிப்புகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியபோது வலது கால் அப்படியே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. மட்டைத்தேங்காயை உரிக்கும்போது வருமே ஒரு சத்தம், அது என் முட்டிக்குள்ளிருந்து வந்தது.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஒப்பரேஷன் செய்தார்கள். அதன்பிறகு கால் நடக்கும், ஆனால் சரியாக மடங்காது என்ற நிலைக்கு வந்தது. வேலை நேரத்தில் விழுந்தபடியால் காப்புறுதிக் கம்பனி வாரா வாரம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. அதற்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தக் கம்பனியிலிருந்து யாராவது ஒருவர் அழைத்து விசாரிப்பார். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை படி ஏறினீர்கள், இரவில் தூங்கினீர்களா. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். கேள்வி மாறாது.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். அந்த வருடத்தில் நான் தூங்கினேனா என்று கேட்டது அவர்கள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, தலை சீவி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொலைபேசியில் தலைமுடி தெரியாது என்பது எனக்குத் தெரியும். பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்தால் நானாக ஒரு கேள்வி கேட்டு நீட்டுவேன். அங்கே மழையா என்று கேட்பேன். அவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள்.

3

போன வருடம் மே மாதம் கம்பனி தன் செலவில் ஒரு டொக்டரிடம் அனுப்பியது. என் டொக்டர் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுத்த டொக்டர். எனக்கு இங்கிலீஷ் வேலைக்குப் போதும். வலியைச் சொல்லப் போதாது. அதனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், நல்ல மரியாதை.

"சொல்லுங்கோ அம்மா, என்ன செய்யுது?"

"முட்டி மடக்க முடியலைங்க. மடக்கினா கழண்டு போற மாதிரி இருக்கு."

"முட்டியோ? என்ன முட்டி அம்மா, தண்ணி முட்டியோ?"

அவர்கள் ஊரில் முட்டி என்றால் பானை. நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். "ஓம் ஓம், முழங்காலைச் சொல்லுறியள். இப்ப விளங்கிட்டுது." டொக்டர் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரின் சிரிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டொக்டர், இன்றைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். முன்னால் உட்கார்ந்து ஒருவர் எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் நம் வாயில் என்ன வரும்? "பரவாயில்லைங்க" என்றேன். அதை யாழ்ப்பாணத்துக்காரர் மொழிபெயர்த்தார். மண்டியிட முடியுமா என்று டொக்டர் கேட்டார். முடியாது என்றேன். கட்டிலைப் பிடிக்காமல் குந்தி எழும்பிக் காட்டச் சொன்னார். பாதி குந்தினேன், கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையை ஷெரின் தொலைபேசியில் வாசித்தாள். அதில், இன்றைக்குத் தன் முழங்கால் நன்றாகவே இருப்பதாகத் தொழிலாளி சிரித்த முகத்துடன் தெரிவித்தார் என்று எழுதியிருந்தது.

"ஏம்மா அப்டிச் சொன்னீங்க?"

"சும்மா கேட்டாரு, சும்மா சொன்னேன்."

"டொக்டர் சும்மா கேக்கமாட்டாரும்மா. அவருக்கு அது வேலை."

4

குந்தி எழும்பச் சொன்னதும் என் அப்பாவின் நினைவு வந்தது. அதை இங்கே சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

அப்பா அருளப்பன் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்துச் சாக்குத் தூக்கினார். கொழுந்தை வாட்டுவதற்கு மேல்மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மரப் படிக்கட்டு. ஒரு நாள் படிப்பலகை உடைந்து, சாக்கோடு கீழே வந்தார். இடது முழங்கால். தோட்டத்து மருந்தையா துணியைச் சுற்றி ஒரு கலர் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மாதம் ஆகியும் வீக்கம் வடியவில்லை. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்கலாம், சட்டம் இருக்கிறது என்று சங்கத்துத் தலைவர் மனு எழுதிக் கொடுத்தார். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தது.

அப்பாவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். கந்தோர்ச் சிங்களம் தெரியாது. எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் நன்றாகச் செய்வேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கந்தோரில் இருந்த ஐயா கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கதிரை போடச் சொன்னார். பக்கத்தில் ஒரு டொக்டரும் இருந்தார். எங்கள் தோட்டத்து உதவி மனேஜர் சின்னத் துரையும், கணக்கப்பிள்ளையும் சுவர் ஓரமாக நின்றார்கள். ஐயா அப்பாவைக் கீழே குந்தி எழும்பச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். சடாரென்று குந்தினார். சடாரென்று எழும்பி நின்றார். கங்காணி பெயர் கூப்பிட்டால் நிற்பாரே, அப்படி விறைப்பாக.

ஐயாவுக்கு ஆச்சரியம். "துவ, தாத்தாகென் அஹன்ன, ரிதெனவாத?" என்றார். மகளே, வலிக்கிறதா என்று அப்பாவிடம் கேள்.

"வலிக்குதான்னு கேக்குறாரு அப்பா."

அப்பாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மேல் உதடு நடுங்கியது. அவர் சின்னத் துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வலிக்கலேன்னு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன்.

வெளியே வந்து கேற்றைத் தாண்டியதும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து கண்டிக் குளத்துக் கட்டுவரை போக எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கட்டின்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். முழங்காலின் வீக்கம் வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. ஏன் அப்பா பொய் சொல்லச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"அவனுங்க எல்லாம் நிக்கிறானுங்க, நீயும் நிக்கிற. நான் அங்க விழுந்து பெரண்டு எந்திரிக்கணுமா? நான் என்ன சர்க்கஸ்காரனா?"

வத்தேகம பஸ் இரண்டு போய்விட்டது. மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம்.

ஒரு சிறு தொகையோடு விஷயம் முடிந்தது. இந்தக் காலைப் பற்றி இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்ததை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். பிறகு ஃபெக்டரியில் அவருக்கு லேசான வேலை என்று ஒன்று கொடுத்தார்கள். தரையில் சிந்திய தூளைக் கூட்டி அள்ளுவது. அதைக் குந்திக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஓய்வு பெறும்வரை செய்தார். கடைசிக் காலத்தில் மஹய்யாவயில் எங்களோடு இருந்தபோதுகூட நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை.

ரிதெனவா, வலிக்கிறது. ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் அப்பா என்னை அடித்திருக்கமாட்டார்.

5

ஜூன் மாதம் சேவியரின் மூன்றாவது ஆண்டு நினைவு நாள். காலையிலேயே ஷெரினிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: ஒரு இதயப் படம், அதன் கீழே இன்றைக்கு டடாவை நினைக்கிறேன் என்று இங்கிலீஷில். அப்பாவை அவள் டடா என்றுதான் கூப்பிடுவாள். நானும் ஒரு இதயத்தை அனுப்பிவைத்தேன். வருகிறாயா என்று கேட்கவில்லை. வேலை நாள்.

மஹய்யாவ மயானத்தில் நம் ஆட்களின் கல்லறைகளுக்குச் சிலுவையோ கல்லோ நிமிர்ந்து நிற்கும். நின்றபடியே மெழுகுதிரி ஏற்றலாம், கையை வைத்துக்கொண்டு செபிக்கலாம். சேவியரை அடக்கம் செய்த இடம் வேறு மாதிரி. வெறும் புல்வெளி. தரையோடு தரையாகப் பெயர் பொறித்த ஒரு செப்புத் தகடு. புல் வெட்டும் யந்திரம் தடையில்லாமல் போவதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். குளிர்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது, ஆள் நடமாட்டமே இல்லை. தூரத்தில் வீதி ஓரமாக ஒரு கார் மட்டும் நின்றது. யாரோ என்னைப் போல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தகட்டின்மேல் பறவை எச்சம். சரியாக அவர் பெயரின்மேல். குடையின் நுனியில் கைக்குட்டையைச் சுற்றித் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை, இன்னும் மோசமாகப் பூசிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இடது முழங்காலை முதலில் ஊன்றி, வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி, மெல்ல இறங்கினேன். பிறகு அதையும் மடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தகட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். செபம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து காலுக்கு ஐஸ் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. டொக்டரின் அறிக்கையையும் தங்களுக்குக் கிடைத்த வேறு தகவல்களையும் பார்த்ததில், என் வாராந்தக் கொடுப்பனவை நிறுத்துவதாக. வேறு தகவல்கள் என்னவென்று எழுதவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை.

6

தொழிற்சங்கம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுத்தது. ஹெலன் என்று ஒரு பெண்; கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய அம்மாவும் தொழிற்சாலையில் கை போனவளாம். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசும் ஒரு சமரசக் கூட்டம் உண்டு என்றாள். அக்டோபரில் நாள் கொடுத்தார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்றபடியால் ஷெரின் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

நீளமான மேசை. ஒரு பக்கம் நாங்கள் மூன்று பேர். எதிரில் கம்பனியின் ஆள், கோட் போட்ட இளைஞன். மேசையின் தலைப்பக்கத்தில் சமரச அலுவலர், நரைத்த மீசை, காது கொஞ்சம் மந்தம். சுவரில் ஒரு பெரிய திரை.

கம்பனியின் ஆள் மரியாதையாகத்தான் பேசினான். திருமதி சேவியர் மண்டியிட முடியாது என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறார். இதைத் தயவுசெய்து பாருங்கள் என்றான்.

திரையில் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். என் நீல மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். அது நான்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் முதுகை நாம் பார்ப்பதே இல்லை அல்லவா. அவ்வளவு கூனிவிட்டேனா என்று நினைத்தேன். அந்தப் பெண் புல்லில் நடந்தாள், குனிந்து எதையோ குடையால் தேய்த்தாள், பிறகு இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டாள். கைக்குட்டையால் தரையைத் துடைத்தாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான்.

அன்றைக்கு வீதி ஓரமாக நின்ற கார் எனக்கு அப்போதுதான் விளங்கியது; கம்பனி அதில் ஒருவரை வைத்துப் படம் பிடித்திருக்கிறது.

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். "அது டடாவோட இடம்" என்றாள், மெதுவாக. நான் தலையாட்டினேன்.

ஹெலன், இதற்குப் பிறகும் பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் சம்பந்தமில்லாதது என்றான் அவன். நான் மேசைக்குக் கீழே ஷெரினின் கையைப் பிடித்தேன்.

"வேணாம்னு சொல்லு. போதும்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அலுவலரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள், சத்தமாக, அவர் காதுக்கும் விழும்படி: "மிச்சத்தையும் போடச் சொல்லுங்கள்."

போட்டார்கள்.

சத்தம் இல்லாத படம். நான் செபம் முடித்துச் சிலுவை போடுவது தெரிந்தது. பிறகு ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்ப்பது. விழுவது. மறுபடி பார்ப்பது. நான்காவது தடவைக்குப் பிறகு அந்தப் பெண் பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் கிடந்தாள். நான் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று எனக்கே நினைவில்லை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்து எழும்ப அங்கே எதுவும் இல்லை. எல்லாம் தரையோடு கிடக்கும் தகடுகள். கொஞ்சம் தள்ளி ஒரு தண்ணீர்க் குழாயும் அதைத் தாங்கி நிற்கும் ஒரு மரக்கட்டையும் இருந்தன. அவள் அதை நோக்கித் தவழ ஆரம்பித்தாள். வலது காலை இழுத்துக்கொண்டு, முழங்கைகளால், அடுத்தவர்களுடைய பெயர்களின்மேல். மழைக்கோட்டு சேறானது.

ஒரு இடத்தில் படம் சட்டென்று கீழே இறங்கியது. காரின் உள்பக்கம், ஒருவரின் முழங்கால், கதவின் கைப்பிடி. கைப்பிடியை ஒரு கை பிடித்தது. கதவு கொஞ்சம் திறந்தது. மழை உள்ளே அடித்தது. பிறகு கதவு மூடியது, படம் மறுபடி மேலே வந்தது. நான் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

குழாய்க் கட்டையைக் கட்டிப்பிடித்து எழும்பினேன். நின்றேன். பிறகு அந்தப் பெண் திரும்பிக் காரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பது போல ஒரு கையைத் தூக்கி அசைத்தாள்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். காரில் இருப்பவர் பயந்துபோயிருப்பாரோ என்று நினைத்து அசைத்தது.

கம்பனியின் ஆள் தன் கோப்பின் தாள்களைப் புரட்டினான். மிச்சத்தை அவனும் முன்பு பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன், காது சிவந்திருந்தது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பத்து நிமிடம் இடைவேளை என்றார்.

இடைவேளைக்குப் பிறகு நடந்தது சுருக்கம். அவன் வெளியே போய் யாருடனோ பேசிவிட்டு வந்தான். நிறுத்திய வாராந்தக் கொடுப்பனவையும் சேர்த்து ஒரே தொகையாகத் தருகிறோம், வேலையை விட்டுவிட வேண்டும், இனி இந்தக் காலைப் பற்றி எந்தக் கோரிக்கையும் வைக்கக்கூடாது என்றான். ஹெலன் என்னைத் தனியாகக் கூட்டிப்போனாள். இது குறைவு, கோர்ட்டுக்குப் போனால் இதைவிட நல்லபடி வரும், இந்தப் படமே நமக்குப் பலம் என்றாள்.

"கோர்ட்டுல இத மறுபடி போடுவாங்களா?" என்று ஷெரினிடம் கேட்டேன். அவள் ஹெலனிடம் கேட்டாள். போடுவார்கள், நீதிபதி பார்ப்பார், டொக்டர்கள் பார்ப்பார்கள் என்றாள் ஹெலன்.

நான் கையெழுத்து வைத்துவிட்டேன். புஷ்பம், நீ கேட்ட காசு இதுதான். இன்னும் பேசியிருந்தால் இன்னும் வந்திருக்கும். நான் அருளப்பனின் மகள். வேறு என்ன செய்வேன்?

ஆனால் ஷெரின் என் மகள்தான் என்றாலும், வேணாம்னு சொல்லு என்றபோது அவள் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பதின்மூன்று வயதில் நான் செய்யாததை அவள் செய்தாள்.

7

கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஷெரின் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பதினாலு நிமிசம்" என்றாள். "ஸ்க்ரீன்ல பாத்தேன். பதினாலு நிமிசம்."

"இருக்கும்."

"உங்க பேக் பக்கத்துல இருந்திச்சு. ஃபோன் அதுல இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"ஏன் எனக்கு கோல் எடுக்கல?"

"நீ வேலையில இருப்பன்னு நெனச்சேன்."

அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னாலிருந்த சுவரையே பார்த்தாள். பிறகு, "நான் அன்னிக்கு வேலைக்குப் போகல" என்றாள். "லீவு போட்டேன். உங்களோட அங்க வாறதுக்குத்தான் போட்டேன். கார் சாவிகூட எடுத்துட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"வந்தா நீங்க அழுவீங்க. நான் ஏதாவது சொல்லணும். என்ன சொல்றதுன்னு யோசிச்சுப் பாத்தேன். இங்கிலீஷ்ல இருக்கு. எனக்கு அதுக்குத் தமிழ் இல்லம்மா." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "வீட்டுலயே இருந்துட்டேன். சோஃபாவுல. நீங்க கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

எனக்கும் அதுக்குத் தமிழ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கையின்மேல் என் கையை வைத்தேன். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது, எங்கள் இடத்துக்காகக் காத்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. வேலையும் போய்விட்டது, கம்பனியின் அழைப்பும் நின்றுவிட்டது; இப்போது செவ்வாய்க்கிழமையும் மற்றக் கிழமைகளைப் போலவே இருக்கிறது. ஷெரின் ஞாயிறு மாலையில் அழைக்கிறாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்கிறாள். பிறகு இரண்டு பேருக்கும் சொல் தீர்ந்துபோகிறது; கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். முன்பு அந்த இடத்தில் தொலைபேசியை வைத்துவிடுவாள். இப்போது வைப்பதில்லை. அவள் வீட்டுக் கேத்தல் கொதிப்பதுகூடச் சில நாள் எனக்குக் கேட்கிறது.

அந்தக் காரில் இருந்தவரை நினைத்துக்கொள்வதும் உண்டு. கதவைத் திறந்தவர் ஏன் மூடினார்? இறங்கினால் அவர் வேலை போயிருக்கும். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். கோபம் வருமென்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு அந்த மழையில் என்னோடு ஒருவர் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த ஜூனில் சேவியரின் நினைவு நாளுக்கு ஷெரின் முதல்நாளே சொல்லிவிட்டு வந்தாள். பூ வாங்கி வந்திருந்தாள், ஒரு வாளியும் தூரிகையும்கூட. நான் தடியை ஊன்றி நின்றேன். அவள் ஈரப் புல்லில் மண்டியிட்டுத் தகட்டைத் தேய்த்தாள். தன் அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தாள். பிறகு செபம் சொல்வோமா என்று கேட்டாள். தமிழில் தனக்குப் பாதிதான் தெரியும் என்றாள். உனக்குத் தெரிந்ததில் சொல்லு என்றேன்.

அவள் இங்கிலீஷில் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். இரண்டும் ஒரே செபம்தான். அவளுடையது முதலில் முடிந்துவிட்டது. எழும்பாமல், முழங்கால் நனைய, நான் முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். நான் கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன்.